யார் நாக்கை நம்பிச் சாப்பிடப் போவது?

அப்பாவுக்கு எழுபது நிறைந்தபோது குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று முடிவானது. மொத்தம் பதினொரு பேர். அம்மாவுக்குச் சர்க்கரை. அத்தைக்குப் பல் செட். அக்கா பையனுக்குப் புரோட்டாவைத் தவிர எதுவும் இறங்காது. அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "குழம்பு குழம்பா இருக்கணும்."

சென்னையில் ஓட்டலுக்கா பஞ்சம்? ஆனால் எந்த ஓட்டல் என்று பேச ஆரம்பித்ததும் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் நாலு நாள் விவாதம் ஓடியது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி, விருது வாங்கிய இடமாகப் பார்க்கலாம் என்றான். அக்கா மகள் ஒரு யூடியூப் வீடியோவை அனுப்பினாள். அத்தான், கூகுளில் 4.5க்குக் கீழே இருந்தால் பேச்சே வேண்டாம் என்றார். நான் பத்து வருஷமாக ஒரு நாளிதழில் ஒரு விமர்சகர் எழுதுவதை விடாமல் படிக்கிறவன். அவர் எழுதிய ஒரு பத்தியைப் படம் எடுத்துப் போட்டேன். அத்தை எதையும் அனுப்பவில்லை. "நான் சொல்ற மெஸ்ஸுக்கு வாங்க" என்றார், அவ்வளவுதான்.

ஆக, ஐந்து பேரும் ஐந்து வேறு வேறு ஆட்களின் நாக்கை நம்பச் சொன்னோம். இதில் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அந்த நாலு நாளும் யோசித்துக்கொண்டே இருந்தேன். காசு ஒரு பக்கம் இருக்கட்டும். எழுபதாவது பிறந்தநாள் ஒரு தடவைதான் வரும். அன்றைக்குக் குழம்பு வாயில் வைக்க முடியாமல் போனால், அடுத்த வாரம் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது.

யார் சிபாரிசு செய்தாலும் நான் முதலில் மூன்று விஷயம் பார்ப்பேன். பில்லைக் கட்டியது யார்? சாப்பிட வந்தவர் இன்னார் என்று கடைக்குத் தெரியுமா? எத்தனை தடவை போய்ச் சாப்பிட்டுவிட்டு எழுதினார்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

பத்திரிகை விமர்சகரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த மூன்றையும் தொழில் ஒழுக்கமாகவே ஆக்கியது நியூயார்க் டைம்ஸ். 1957இல் அதன் உணவுப் பகுதிக்கு ஆசிரியராக வந்தவர் கிரெய்க் கிளெய்போர்ன். விமர்சகர் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் போக வேண்டும், ஒரே தடவையோடு முடிவுக்கு வரக் கூடாது, சாப்பாட்டுச் செலவு பத்திரிகையுடையது என்ற வழக்கம் அவர் காலத்தில்தான் வேரூன்றியது. 1993இல் அதே வேலைக்கு ரூத் ரைக்கல் வந்தார். அவர் போட்டோவை நகரத்துப் பெரிய ஓட்டல்கள் சமையற்கட்டில் ஒட்டி வைத்திருந்தனவாம். அதனால் அவர் விக் வைத்து, உடை மாற்றி, வேறு பெயரில் போக ஆரம்பித்தார்.

அந்த வருஷம் அவர் 'லெ சர்க்' என்ற உணவகத்தைப் பற்றி எழுதியதை இன்றைக்கும் உணவு விமர்சனத்தின் பாடமாகச் சொல்கிறார்கள். அந்தப் பத்திரிகை கொடுக்கும் அதிகபட்சமான நான்கு நட்சத்திரம் வைத்திருந்த இடம் அது. யாரோ ஒரு சாதாரணப் பெண்மணியாக அவர் போனபோது நெடுநேரம் காக்க வைத்தார்கள், கையிலிருந்த ஒயின் பட்டியலைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அடுத்து, அவர் யாரென்று தெரிந்த நிலையில் போனபோது, ஸ்பெயின் ராஜா பாரில் காத்திருக்கிறார், உங்கள் மேசை தயார் என்று உள்ளே கூட்டிப் போனார்கள். எனக்கு அதில் மறக்காத விஷயம் ஒரு பழம். ஆளை அடையாளம் கண்டுகொண்டதும் தட்டை மாற்றினார்கள். புதுத் தட்டில் வந்த ராஸ்ப்பெரிப் பழங்கள் பழைய தட்டில் இருந்தவற்றைப் போல மூன்று மடங்கு பெரியவை. ஒரே சமையற்கட்டு, ஒரே இனிப்பு, பழம் மட்டும் வேறு. அவர் அந்த இடத்துக்கு ஒரு நட்சத்திரத்தைக் குறைத்து மூன்றாக்கினார்.

இது நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்த முகம் பந்தியில் உட்கார்ந்தால் சப்ளையர் கரண்டியை அடிவரைக்கும் விட்டு அள்ளுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாம்பார் வாளியின் மேல் தண்ணீர் ஒருவருக்கு, அடியில் இருக்கும் முருங்கைக்காய் இன்னொருவருக்கு. அதனால்தான் விமர்சகர் யாருக்குப் பரிமாறிய இலையைப் பற்றி எழுதுகிறார் என்று தெரிய வேண்டும்.

அதே பத்திரிகையில் 2012 முதல் 2024 வரை விமர்சகராக இருந்த பீட் வெல்ஸ், 2016இல் 'பெர் சே' என்ற மிக விலை உயர்ந்த உணவகத்தை நான்கு நட்சத்திரத்திலிருந்து இரண்டுக்கு இறக்கினார். பெரிய பெயருக்குப் பயப்படாமல் அப்படி எழுத வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு அந்தக் கடைக்காரரிடம் கடன்பட்டிருக்கக் கூடாது. 2025இல் அந்தப் பத்திரிகை விமர்சகர்களின் முகத்தை மறைக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. போன் கேமரா காலத்தில் யாரும் மறைந்திருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ராஸ்ப்பெரியை நினைத்தால் எனக்கு இது இழப்பாகத்தான் படுகிறது.

சரி, நம் ஊரில்? இங்கே புது ஓட்டல் திறந்தால் பத்திரிகைக்காரர்களை அழைத்து ஒரு மாலை 'டேஸ்டிங்' நடத்துவது வழக்கம். பெரிய செஃப் மேசைக்கே வந்து ஒவ்வொரு பண்டத்தையும் விளக்குவார். அடுத்த வாரம் அழகான படங்களோடு ஒரு பக்கம் வரும். அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அறிமுகம் என்று எடுத்துக்கொள்ளலாம். புதுசாக என்ன திறந்திருக்கிறது, என்ன விலை, என்ன வகைச் சாப்பாடு என்பதற்கு அது போதும். அதில் வரும் பாராட்டுச் சொற்களை நான் படிப்பதே இல்லை. கண்டுபிடிப்பதும் சுலபம்: ஒரு குறைகூடச் சொல்லாத கட்டுரை, செஃப்பின் பெயர் நாலு தடவை, பில் தொகை எங்கேயும் இல்லை.

நான் பத்து வருஷமாகப் படிக்கும் அந்த விமர்சகர் அந்த வகை இல்லை. பில் எவ்வளவு ஆயிற்று என்று எழுதுவார். எது நன்றாக இல்லை என்றும் எழுதுவார். ஆனால் அவர் தீர்ப்பை நான் அப்படியே ஏற்றுக்கொள்வது கிடையாது, ஏனென்றால் அவருடைய நாக்கு என்னுடையது இல்லை. அவருக்குக் குழம்பில் துளி இனிப்பு தட்டினாலும் பிடிக்காது. எண்ணெய் மேலே நின்றால் முகம் சுளிப்பார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு செட்டிநாட்டு உணவகத்தைப் பற்றி அவர் எழுதிய பத்தியில் ஒரு வரி: உப்புக்கறியில் நல்லெண்ணெய் ஓரங்கட்டி நிற்கிறது, சின்ன வெங்காயம் கரைந்தே போய்விட்டது, மிளகாயைப் பிய்க்காமல் முழுசாகப் போட்டிருக்கிறார்கள். அதற்கு அவர் கொடுத்த மதிப்பெண் குறைவு. நான் அந்த வரியைப் படித்த அன்றைக்கே கிளம்பினேன். என் பாட்டி செய்யும் உப்புக்கறி அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். போய்ச் சாப்பிட்டேன், அவர் எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. எனக்கு அது அமிர்தம்.

நல்ல விமர்சகரால் எனக்குக் கிடைக்கும் பெரிய பலன் இதுதான். அவர் போட்ட மார்க்கைவிட அவர் கண்டதைச் சொல்லும் விதத்தில்தான் சரக்கு இருக்கிறது. 'வத்தக்குழம்பில் வெல்லம் தெரிகிறது' என்று ஒருவர் எழுதினால், அம்மா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார், அக்கா உடனே ஆட்டோ பிடிப்பாள். இரண்டு பேருக்கும் அந்த ஒரு வரி போதும். 'ருசி பிரமாதம்', 'வேற லெவல்' என்று எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? ஒரே ஆளை நாலைந்து வருஷம் படித்தால் அவர் நாக்கு எந்தப் பக்கம் சாயும் என்று பிடிபட்டுவிடும். அப்புறம் அவர் சொல்வதில் கூட்டிக் கழித்து நமக்கானதை எடுத்துக்கொள்ளலாம். அவர் ரசனை நமக்கு நேர் எதிராக இருந்தாலும் பரவாயில்லை, மாறாமல் இருந்தால் போதும்.

ஆனால் விமர்சகருக்கும் கைக்கு எட்டாத இடங்கள் இருக்கின்றன. அவர் இரண்டு மூன்று பேரோடு போகிறார், நாங்கள் பதினொரு பேர். வயசானவர்கள் ஏற முடியாத மாடிப்படி அவர் கண்ணில் படாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அவர் எழுதி எத்தனை நாளாயிற்று என்பது. நம் ஊர் ஓட்டல்களில் சரக்கு மாஸ்டர் போனால் ருசியும் கூடவே போய்விடும். பெயர்ப் பலகை அதேதான், கல்லாவில் அதே முதலாளி, மாஸ்டர் மட்டும் எதிர்த்தெருவில் புதுக் கடைக்குப் போயிருப்பார். இரண்டு வருஷத்துக்கு முந்திய விமர்சனத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய குழம்பைப் பற்றிப் பேச முடியாது. தேதி பார்க்காமல் நான் எதையும் படிப்பதில்லை.

தம்பி சொன்ன விருதுப் பட்டியல்களுக்கு வருகிறேன். அவன் மனசில் இருந்தது மிச்செலின். டயர் கம்பெனிக்காரர்கள் 1900இல் கார் ஓட்டுகிறவர்களுக்காகப் போட்ட கைப்புத்தகம் அது. 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1931இல் இரண்டு, மூன்று நட்சத்திரங்கள் வந்தன. ஒன்று என்றால் போகிற வழியில் நிறுத்திச் சாப்பிடலாம், இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம். அவர்களுடைய ஆய்வாளர்கள் பெயர் சொல்லாமல் வருவார்கள், காசு கொடுத்துச் சாப்பிடுவார்கள். நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான், நாற்காலிக்கும் விளக்குக்கும் இல்லை. என் மூன்று கேள்வியில் முதல் இரண்டுக்கும் நல்ல பதில் வைத்திருக்கிறார்கள்.

அதை அவர்கள் நிரூபித்தும் காட்டினார்கள். 2016இல் சிங்கப்பூருக்கு முதல் பதிப்பு வந்தபோது இரண்டு அங்காடிக் கடைகளுக்கு ஆளுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். அதில் ஒன்று சைனாடவுனில் சான் ஹோன் மெங் நடத்திய சோயா சாஸ் கோழிக் கடை. ஒரு தட்டு அப்போது இரண்டு சிங்கப்பூர் டாலர். உலகத்திலேயே மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று அது பெயர் வாங்கியது, வரிசை மணிக்கணக்கில் நீண்டது. 2021இல் அந்த நட்சத்திரம் போய்விட்டது. கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் தயங்காத ஆட்கள் என்ற அளவில் எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. பினாங்கில் பிறந்த மனோ தேவர் சிங்கப்பூரில் நடத்தும் 'தேவர்' உணவகம் 2022இல் இரண்டாவது நட்சத்திரம் வாங்கியபோது தம்பி வீட்டுக்கே போன் போட்டுச் சொன்னான். எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தவறுகளும் உண்டு. 2005இல் பெல்ஜியத்தில் இன்னும் கதவே திறக்காத ஓர் உணவகத்தைப் பாராட்டிப் புத்தகத்தில் போட்டுவிட்டு, அச்சடித்த பிரதிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். 2017இல் பிரான்சில் ஒரே பெயரில் இரண்டு கடைகள் இருந்ததால், தொழிலாளிகள் மதியம் சாப்பிட வரும் ஒரு சின்னக் கடைக்கு இணையதளத்தில் நட்சத்திரம் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாவதை எழுத்துப் பிழை என்று விட்டுவிடலாம். முதலாவதை அப்படி விட முடியவில்லை. சாப்பிட்டுப் பார்த்தவர் எங்கே என்ற கேள்வி அங்கே நிற்கிறது. தாய்லாந்து மாதிரி நாடுகளில் சுற்றுலாத் துறை பணம் கொடுத்துத்தான் இந்தப் புத்தகம் அந்த நாட்டுக்கே வந்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் பணம் கொடுப்பதும் இதுவும் ஒன்று இல்லைதான். ஆனால் எந்த நாட்டுச் சமையல் வரைபடத்தில் வரும், எது வராது என்பதை அது முடிவு செய்கிறது.

எங்கள் பிரச்சினைக்கு இதெல்லாம் உதவவில்லை, ஏனென்றால் மிச்செலின் இந்தியாவுக்கு வரவே இல்லை. 'ஆசியாவின் சிறந்த 50' மாதிரி பட்டியல்கள் இருக்கின்றன. அதில் சென்னையின் 'அவர்தனா' உணவகமும் இடம் பிடித்திருக்கிறது. ரசத்தைத் தெளிவாக வடித்துக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் தரும் இடம். ஓர் இரவு ஆற அமர உட்கார்ந்து வியந்து சாப்பிட அருமையான தேர்வு. புரோட்டா கேட்டு அழும் பையனோடும் பல் செட் அத்தையோடும் போகிற இடம் அது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த விஜய் குமார் நியூயார்க்கில் சமைக்கும் 'செம்ம' 2022இல் மிச்செலின் நட்சத்திரம் வாங்கியது. 2025இல் நியூயார்க் டைம்ஸ் அந்த நகரத்தின் சிறந்த நூறு உணவகங்கள் பட்டியலில் அதை முதலிடத்தில் வைத்தது. நத்தைப் பிரட்டலும் பொடி தோசையும் அங்கே போய்ச் சேர்ந்ததில் எனக்குப் பெருமை. ஆனால் அந்த முதலிடம் நியூயார்க் வாசகருக்காகச் சொல்லப்பட்டது. வயலில் நத்தை பொறுக்கிய கையோடு வளர்ந்த ஒருவர் அதை அம்மா வைத்ததோடுதான் ஒப்பிடுவார். விமர்சகர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் யாருக்காக எழுதுகிறார் என்பது அவர் தீர்ப்புக்குள்ளேயே கலந்திருக்கிறது.

அடுத்து அத்தானின் நட்சத்திரங்கள். ஆயிரம் பேர் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் வாதம். ஆயிரம் பேரும் சாப்பிட்டவர்கள்தானா என்பது என் கேள்வி. 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற விமர்சனத் தளத்தில் பதிந்தார். 'தி ஷெட் அட் டல்விச்' என்று பெயர். ஷேவிங் நுரையையெல்லாம் வைத்துச் சாப்பாட்டுப் படங்கள் எடுத்தார். நண்பர்களை விட்டு விமர்சனம் எழுத வைத்தார். சில மாதங்களில் அது லண்டனிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஒரு இட்லிகூட வேகாத இடம்!

இப்படிச் செய்யக் காசு ஆசை இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூக்கா, சியாட்டில் நகரத்து உணவகங்களை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று கண்டார். பல கிளை உள்ள பெரிய கம்பெனிக் கடைகளுக்கு அந்தப் பலன் இல்லை, தனிக் கடைகளுக்குத்தான். ஒரு நட்சத்திரத்துக்கு இவ்வளவு மதிப்பு என்றால் அதை விலைக்கு விற்கிறவரும் வாங்குகிறவரும் இருக்கத்தான் செய்வார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் இணைய விமர்சனங்களுக்கென்றே ஒரு தரக் குறியீடு கொண்டுவந்தது. கட்டாயம் இல்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது அப்போது வந்தது.

அதற்காக நான் கூகுளைத் தள்ளிவைப்பதில்லை. மொத்த மார்க்கைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஐந்து நட்சத்திரங்களில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன்: 'சப்ளையர் இன்னார் நன்றாகக் கவனித்தார்' என்று ஊழியர் பெயரோடு வரிசையாக வந்தால், பில் கொடுக்கும்போதே போனை நீட்டி எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கே நீட்டியிருக்கிறார்கள். ஒற்றை நட்சத்திரத்தில் பாதி, பார்சல் லேட்டாக வந்தது, சாம்பார் கொட்டிவிட்டது என்ற புகார். அது டெலிவரிப் பையன் பாடு, அடுப்படியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் தேடிப் படிப்பது மூன்று நட்சத்திரங்களை. 'கறி நல்லா வெந்திருந்தது, மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் பொரியல் காலி, கார் நிறுத்த இடம் இல்லை, ஏசி ஹாலுக்குத் தனி விலை' என்று அங்கேதான் ஆட்கள் நிதானமாக எழுதுகிறார்கள். ருசிக்கு இல்லாவிட்டாலும் படிக்கட்டு, பார்க்கிங், கைகழுவும் இடத்தின் சுத்தம், கூட்ட நேரம் எல்லாவற்றுக்கும் ஊர்மக்கள் வாக்கைவிட நல்ல சாட்சி கிடையாது. வயிற்றைக் கெடுத்தது என்று ஒரே மாதத்தில் மூன்று பேர் எழுதியிருந்தால் எந்த விமர்சகர் பாராட்டினாலும் நான் போக மாட்டேன்.

யூடியூப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் மதியம் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் படப்பிடிப்பு. புது வாழை இலை விரித்து, தண்ணீர் தெளித்து, சுக்கா வறுவலை மலையாகக் குவித்தார்கள். மேலே கறிவேப்பிலையைத் தனியாகப் பொரித்துத் தூவினார்கள். முதலாளியே வந்து நெய் ஊற்றினார். அந்த யூடியூப்காரர் முதல் வாய் வைப்பதற்கு முன்பே கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அதே சுக்கா எனக்கும் வந்தது, சின்னக் கிண்ணத்தில் ஏழு துண்டு, கறிவேப்பிலை கிடையாது. சுக்கா நன்றாகவே இருந்தது, அது வேறு விஷயம். ஆனால் வீடியோவைப் பார்த்து வருகிறவர் அந்த மலையை எதிர்பார்த்து வருவார். காசு வாங்கிப் போட்ட பதிவென்றால் அப்படி அறிவிக்க வேண்டும் என்று விளம்பரத் தரக் கட்டுப்பாட்டுக் கவுன்சில் 2021இலேயே விதி போட்டிருக்கிறது. பல பேர் அதை மதிப்பதில்லை. வீடியோவை நான் ஒன்றுக்குத்தான் பார்ப்பேன்: பின்னால் தெரியும் அடுப்படி. விறகா கேஸா, மசாலா அங்கேயே அரைக்கிறார்களா, புரோட்டா மாஸ்டர் மாவை எத்தனை தடவை வீசுகிறார் என்பதெல்லாம் கேமராவில் மறைக்க முடியாது.

கடைசியாக அத்தை. இந்த ஐந்து பேரில் எனக்கு நேரிலேயே நாக்கு தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் வைக்கும் மீன் குழம்பை நாற்பது வருஷமாகச் சாப்பிடுகிறேன். அவர் 'நல்லாருக்கு' என்றால் புளியும் காரமும் எந்த இடத்தில் நிற்கும் என்று எனக்கு வாயிலேயே தெரியும். எங்கள் குடும்பம் எப்படிப்பட்டது, யாருக்கு என்ன ஆகாது என்பதும் அவருக்கு அத்துப்படி. எந்த விமர்சகருக்கும் இந்த வசதி கிடையாது. ஆனால் அத்தையிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, "கடைசியா எப்போ போனீங்க அத்தை?" என்பதுதான். அவர் யோசித்துவிட்டு, "உங்க மாமா இருந்தப்போ" என்றார். மாமா போய் ஆறு வருஷம் ஆகிறது.

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் சொன்ன மெஸ், என் விமர்சகர் எழுதிய ஓர் இடம், அத்தானின் பட்டியலில் புகார் குறைவாக இருந்த ஒன்று என மூன்றை எடுத்துக்கொண்டோம். கூகுளில் மூன்று நட்சத்திரக் குறிப்புகளைப் படித்ததில் அத்தான் சொன்னதை விட்டுவிட்டோம். பதினொரு பேருக்குச் சேர்த்து மேசை போட மாட்டார்களாம், மூன்று இடத்தில் பிரித்து உட்கார வைப்பார்கள் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மீதி இரண்டுக்கும் நானும் தம்பியும் அந்த வாரம் ஆளுக்கொரு நாள் மதியம் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தோம். ஒருவருக்குச் சாதாரணச் சாப்பாட்டுக்கு ஆகிற செலவுதான். வேலை நாளில், யாருக்கும் சொல்லாமல், மூலை மேசையில் போய் உட்கார்ந்தால் போதும். பெரிய விருந்து வைக்கிறவர்கள் எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். அழைப்பு அனுப்புவதற்கு முன்னால் ஒரு சாப்பாடு.

விமர்சகர் சொன்ன இடத்தில் மட்டன் நன்றாக வெந்திருந்தது. ஆனால் அவர் எச்சரித்த மாதிரியே எல்லாவற்றிலும் சோம்பு தூக்கல், அப்பாவுக்குச் சோம்பு ஆகாது. அந்த ஒரு வரிக்காக அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். அத்தை சொன்ன மெஸ்ஸில் பழைய மாஸ்டர் இல்லை. அவர் மகன் நிற்கிறார். தம்பி அங்கே சாப்பிட்டுவிட்டுப் போன் போட்டான். "குழம்பு எப்படிடா?" என்று கேட்டேன். "அத்தை சொன்ன மாதிரி இல்லை, கொஞ்சம் நீர்க்க இருக்கு. ஆனா புளி சரியா நிக்குது. புரோட்டாவும் போடுறாங்க. படி கிடையாது" என்றான்.

வேறு சந்தர்ப்பமாக இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை நானும் மனைவியும் மட்டும் ஆறாயிரம் ரூபாய் செலவழித்துச் சாப்பிடுவதென்றால், யோசிக்காமல் விமர்சகரைத்தான் நம்புவேன். அந்தப் பணத்துக்குச் சோதித்துப் பார்க்க இன்னொரு தடவை போக முடியாது, அவர் நமக்கு முன்னால் போய் வந்தவர். தெரியாத ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ் இறங்கினால் கூகுளும் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரரும் போதும், அதிலும் ஆட்டோக்காரரிடம் 'எங்கே நல்லாருக்கும்?' என்று கேட்காமல் 'நீங்க எங்கே சாப்பிடுவீங்க?' என்று கேட்பேன். வெளிநாட்டில் மொழி தெரியாமல் நின்றால் மிச்செலின்காரர்கள் நட்சத்திரம் கொடுக்காமல் மலிவு விலைக்கென்றே தனியாகப் போடும் பட்டியலைப் பார்ப்பேன்.

பிறந்தநாள் அன்றைக்கு அந்த மெஸ்ஸின் பின் ஹாலில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். அப்பா முதல் வாயைப் பிசைந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அப்பா இலையில் சோற்றை நடுவில் குழித்து, சப்ளையரைக் கூப்பிட்டு, "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா" என்றார்.